ராட்டினத்துக்கும் நாள் பார்க்கணும்!

எங்கள் வீட்டில் ராட்டினம் என்றால் தார் சுற்றுகிற ராட்டினம்தான். கல்யாணமாகி ஆரணிக்கு வந்த மறு மாதமே அத்தை அதன் முன்னால் என்னை உட்கார்த்தி வைத்துவிட்டார். இன்றைக்கும் விடிந்ததும் வாசல் தெளித்து, காப்பி போட்டுவிட்டு, அவர் தறிக்குழியில் இறங்குவதற்குள் நாலு தார் சுற்றி வைத்தால்தான் எனக்கு மற்ற வேலை ஓடும். இன்னொரு ராட்டினம் ஆடி மாதம் படவேடு ரேணுகாம்பாள் திருவிழாவில் சுற்றும். பிள்ளைகள் சின்னதாக இருந்தவரை குதிரை ராட்டினத்தில் ஒரு சுற்று, கையில் ஒரு பொரி உருண்டை, அதோடு வருஷத்துக் கும்மாளம் முடிந்துவிடும்.

பிள்ளைகள் வளர்ந்தால் ராட்டினமும் வளர்கிறதே! ரெண்டு வருஷத்துக்கு முன்னால் கோடை லீவில் பெரியவன் பதினொன்றாவது முடித்திருந்தான், சின்னவள் பத்தாவது பரீட்சை எழுதியிருந்தாள். ரெண்டு பேரும் சேர்ந்து, "அம்மா, கூடப் படிக்கிறவங்க எல்லாரும் தீம் பார்க் போய்ட்டு வந்துட்டாங்க. நாம எப்போ?" என்று பிடித்துக்கொண்டார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஒரே ஒரு தடவை சென்னைக்கு அழைத்துப் போனார்கள். இஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் சிலை மாதிரி அசையாமல் நின்றாரே ஒரு மனிதர், அவரைச் சிரிக்க வைக்க நாங்கள் போட்ட கூத்து இன்னும் நினைவிருக்கிறது. அந்த வயதுச் சந்தோஷம் என்னவென்று எனக்கும் தெரியும். அதனால் "முடியாது" என்று சொல்ல மனசு வரவில்லை.

ஆனால் தறிக்காரர் வீட்டில் ஊருக்குப் போவது அத்தனை சுலபமில்லை. மாதச் சம்பளக்காரர் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். எங்களுக்குத் தறி நின்றால் அன்றைய கூலி நின்றது. சேலை அறுத்துக் கொடுத்தால்தான் கையில் காசு. அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, "மே ரெண்டாம் வாரத்துல பாவு முடியுது. புதுப் பாவு பிணைக்க ஆள் வர ரெண்டு நாள் ஆகும். அந்தச் செவ்வாய்க்கிழமை போயிட்டு வந்துடலாம். கூலியும் போகாது" என்றார். செவ்வாய்க்கிழமை என்றால் கூட்டமும் குறைவு. நான் உடனே வேன்காரரிடம் சொல்லி வைத்தேன். நாத்தனாரும் அவள் பையனும் சேர்ந்துகொண்டார்கள்.

நாள் குறித்ததிலிருந்து பெரியவன் தரையில் நடக்கவில்லை. சின்னவள்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து போனாள். அத்தனை நாள் துள்ளிக்கொண்டிருந்த பெண், "நீங்க போய்ட்டு வாங்களேம்மா" என்றாள். பரீட்சை முடிவு வரப்போகிற பயம் என்று நினைத்தேன். "மார்க்கு வர்றபடி வரட்டும்டி" என்று சமாதானமும் சொன்னேன்.

கிளம்ப நாலு நாள் இருக்கும்போது துணிமணி எடுத்து வைக்க அவள் பையைத் திறந்தேன். சீப்புக்கு அடியில் ஒரு மாத்திரை அட்டை கிடந்தது. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. எனக்குக் கையெல்லாம் நடுங்கிவிட்டது. பெற்ற வயிறு என்னென்னவோ நினைக்கும், இல்லையா? கூப்பிட்டுக் கத்தத்தான் வாய் வந்தது. அடுப்படியில் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, தார் சுற்றும் இடத்துக்கே அவளைக் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு கேட்டேன்.

அழுதுகொண்டே சொன்னாள். அந்தச் செவ்வாய்க்கிழமை அவளுக்கு மாதவிலக்கு வருகிற நாளாம். முதல் ரெண்டு நாள் வயிற்று வலியில் சுருண்டுவிடுகிற பெண். கூடப் படிக்கும் பெண்ணின் அக்கா, "மூணு நாள் முன்னாடியே போட்டா தள்ளிப்போயிடும்" என்று சொல்லி வாங்கிக் கொடுத்திருக்கிறாள். மறுநாள் ஆரம்பிப்பதாக இருந்திருக்கிறாள். "என்கிட்ட ஏண்டி சொல்லலை?" என்றேன். "அப்பா தறி ஓய்வு பார்த்து வெச்ச நாளும்மா. என்னால மாத்தினா கூலி போகும். அண்ணன் 'ஏன்'னு கேட்பான். நான் என்னன்னு சொல்றது?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. பாவு முடிகிற நாள் பார்த்தேன். கூட்டமில்லாத நாள் பார்த்தேன். வேன் கிடைக்கிற நாள்கூடப் பார்த்தேன். பதினைந்து வயதுப் பெண் இருக்கிற வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய நாளை நான் பார்க்கவில்லை!

அன்று சாயந்திரமே அவளையும் மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு லேடி டாக்டரிடம் போனேன். டாக்டர் எடுத்ததும் கேட்ட கேள்வி, "இவளுக்கு ஒற்றைத் தலைவலி உண்டா?" என்பதுதான். உண்டு. வயதுக்கு வந்ததிலிருந்து அவ்வப்போது வரும், வாந்தியோடு. "அப்போ இவளுக்கு இது வேண்டவே வேண்டாம்" என்றார். பிறகு எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினார். இது ஹார்மோன் மாத்திரை. ரத்தம் உறைகிற தொந்தரவு, கல்லீரல் கோளாறு, ஒற்றைத் தலைவலி இருப்பவர்கள், வேறு மருந்து சாப்பிடுகிறவர்கள், கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ளவர்கள் எல்லாரையும் விசாரித்த பிறகுதான் கொடுக்கலாமா வேண்டாமா என்று டாக்டர் தீர்மானிக்க வேண்டும். குமட்டல், தலைவலி, அடுத்த மாதம் நாள் கணக்கு முன்பின்னாவது எல்லாம் இதில் உண்டு. "கோயில் திருவிழா, கல்யாணம், சுற்றுலான்னு கடையில வாங்கி வாயில போட்டுக்கறாங்க. மாத்திரையைத் தள்ளி வைங்க, பயணத்தைத் தள்ளிப் போடுங்க" என்றார்.

ராத்திரி அவர் சாப்பிட்டு முடித்ததும், "அந்தச் செவ்வாய் பொண்ணுக்கு ஒத்துக்காதுங்க. ஒரு வாரம் கழிச்சுப் போகலாமா?" என்றேன். நிமிர்ந்து பார்த்தார். விவரம் கேட்கவில்லை. "சரி. பாவு பிணைச்சுட்டா என்ன? தறி மேல துணியைப் போட்டு மூடிட்டு வந்தா போச்சு. ரெண்டு நாள் கூலிதானே?" என்றார். பெரியவனிடமும் அவரே, "அடுத்த வாரம்தான்டா போறோம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த சின்னவள் முகத்தைப் பார்த்தேனே, ரெண்டு நாள் கூலி அதற்கு ஈடாகுமா!

அப்புறம் போனோம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருப்போரூர் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் போய்விடலாம். பட்டுக்குப் பேர் போன ஊர்க்காரிக்கு அங்கே நைலானுக்குத்தான் மரியாதை! தண்ணீர் விளையாட்டில் புடவை, பாவாடை, பருத்தித் துணி எதையும் விடுவதில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நைலான் பேன்ட்டும் மேல்சட்டையும் போட்டுக்கொண்டு, நானும் நாத்தனாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அலைக்குளத்தில் இறங்கினோம். கால் மணி நேரத்தில் வெட்கம் போன இடம் தெரியவில்லை. சின்னவள் என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

இதோ அடுத்த கோடை வருகிறது. உங்கள் வீட்டிலும் பேச்சு ஆரம்பித்திருக்கும். நான் பட்டுத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கே போகலாம்? சென்னைப் பக்கம் கடற்கரைச் சாலையில் வி.ஜி.பி., எம்.ஜி.எம்., பூந்தமல்லிக்கு அப்பால் குயின்ஸ்லேண்ட், 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வொண்டர்லா எல்லாம் இருக்கின்றன. கோவைப் பக்கத்துக்காரர்களுக்கு மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டர். கட்டணம் நாளுக்கு நாள் மாறும். சனி, ஞாயிறுக்கு ஒன்று, வார நாளுக்கு ஒன்று. கிளம்பும் முன் பூங்காவின் சொந்த இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லூரி, பள்ளி அடையாள அட்டைக்குச் சில இடங்களில் சலுகை உண்டு. அட்டையை மறக்க வேண்டாம்.

யாருக்கு எந்த ராட்டினம்? பல இடங்களில் வாசலிலேயே உயரம் அளந்து பார்ப்பார்கள். நாத்தனார் பையன் பெரிய ராட்டினத்துக்கு நாலு விரற்கடை குறைவு. அழுதே விட்டான். வீட்டிலேயே சுவரில் நிற்க வைத்து அளந்து, "இதில் உனக்கு இடமில்லை" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அங்கே ரகளை இருக்காது. இதய நோய், வலிப்பு, ரத்தக் கொதிப்பு, கழுத்து முதுகு வலி உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் வேக ராட்டினத்தில் ஏறவே கூடாது. வயதுப் பிள்ளைகள் கூட்டாளி கேலி செய்வான் என்று உடம்புக் குறையை மறைப்பார்கள். ஏற பயமாக இருந்தால், "எனக்கு வேண்டாம்" என்று சொல்வதில் தப்பில்லை என்று வீட்டிலேயே சொல்லிக் கொடுங்கள்.

துப்பட்டா, தொங்கும் பின்னல், செயின் எதுவும் சுற்றுகிற எந்திரத்துக்குப் பக்கத்தில் ஆகாது. முக்கியமாகக் குட்டிக் கார் ஓட்டும் இடத்தில் முடியை இறுக்கிக் கொண்டை போட்டு, துப்பட்டாவைக் கழற்றி யாரிடமாவது கொடுத்துவிட்டுத்தான் உட்கார வேண்டும். நகையை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

2025 மே மாதம் கடற்கரைச் சாலையில் ஒரு பூங்காவில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோய், முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பல மணி நேரம் தவித்தார்கள். தீயணைப்புப் படையினர் ஏணி வண்டி கொண்டுவந்துதான் எல்லாரையும் பத்திரமாக இறக்கினார்கள். அதற்காகப் போகவே வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். உட்கார்ந்ததும் இடுப்புக் கம்பி பூட்டியிருக்கிறதா என்று தானே ஒரு தடவை இழுத்துப் பார்க்க வேண்டும். நடுவில் நின்றால் பூட்டைத் திறக்க முயலாமல், எழுந்து நிற்காமல், கம்பியைப் பிடித்தபடி காத்திருக்க வேண்டும். இந்த ரெண்டையும் பிள்ளைகளுக்குச் சொல்லி அனுப்புங்கள்.

சாப்பாடு: பல பூங்காக்களில் வெளிச் சாப்பாட்டை உள்ளே விடுவதில்லை. போகிற வழியில் இட்லி போதும். பூரி, பொங்கல் வேண்டாம். எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்டு ராட்டினம் ஏறினால் குடல் வாய்க்கு வந்துவிடும். சாப்பிட்ட பின் ஒரு மணி நேரமாவது ஓய்வு. தலை சுற்றினால் கண்ணை மூடிக்கொண்டு நிழலில் உட்காரட்டும்.

தண்ணீரிலேயே ஆடினாலும் உடம்பு காய்ந்துதான் போகும். தாகம் எடுக்கும்வரை காத்திராமல் குடிக்கச் சொல்லுங்கள். மருந்துக் கடை உப்பு சர்க்கரைப் பொட்டலம் ரெண்டு கையில் இருக்கட்டும். 'ஓ.ஆர்.எஸ்.' என்று பெயர் போட்ட இனிப்புப் பானங்கள் அதற்கு ஈடல்ல. அந்தப் பெயரை அப்படிப் போடக்கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமே தடுத்துவிட்டது. பொட்டலம் இல்லையா? காய்ச்சி ஆறிய 1 லிட்டர் தண்ணீரில், தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. உப்பு கூடவே கூடாது. பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாய்ச் சுட்டால் அது வெயில் அதிர்ச்சி. உடம்பை நனைத்து விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளை நம் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வராது. விட்டுவிடுங்கள். ஆனால் ஒரு மரத்தடியையோ மணிக்கூண்டையோ காட்டி, "ஒரு மணிக்கு இங்கே, நாலு மணிக்கு இங்கே" என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். போனை நம்பாதீர்கள். தண்ணீரில் விழும், சார்ஜ் தீரும். நம் நம்பரை அவர்கள் மனப்பாடமாகச் சொல்லட்டும்.

கடைசியாக, பெண் பிள்ளை இருக்கிற வீட்டில் காலண்டரில் அவள் நாளைப் பார்த்த பிறகு பயண நாளைக் குறியுங்கள். அவள் வாய் திறந்து சொல்லட்டும் என்று காத்திருக்காதீர்கள். நாமே கேட்டுவிட வேண்டும். நாள் தப்பி வந்துவிட்டாலும் குடி முழுகிவிடாது. தண்ணீர் விளையாட்டை விட்டுவிட்டு, உடம்பு இடம் கொடுத்தால் மற்றதெல்லாம் அனுபவிக்கலாம். பையில் நாப்கினும் மாற்றுடையும் இருந்தால் போதும்.

இப்போது எங்கள் வீட்டுக் காலண்டரில் மூன்று குறி இருக்கின்றன. பாவு முடிகிற நாளுக்கு அவர் நீலப் பேனாவால் வட்டம் போடுவார். பால் கணக்குக்கு நான் கோடு போடுவேன். ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைப்பது சின்னவள். எதற்கு என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் குலதெய்வம் கோயிலுக்கு நாள் பார்க்க உட்கார்ந்தபோது, அவரே கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதலில் அந்தப் புள்ளியைத்தான் தேடினார்.

அடுத்த இதழில் சந்திப்போம். அதற்குள் உங்கள் வீட்டுக் காலண்டரையும் ஒரு தடவை புரட்டிப் பாருங்கள், சரிதானே?