முதன்முறை கடல் கடப்போர்க்குச் சில யோசனைகள்

வெளிநாட்டுப் பிரயாணம் என்றால் ஒரு காலத்தில் ஊரே கூடிப் பேசும் அதிசயமாக இருந்தது. இன்றோ பதுளையிலும் பசறையிலும், ஹாலிஎலயிலும் ஹப்புத்தளையிலும், தோட்டத்து லயங்களிலிருந்துங்கூடக் கடல் கடப்போர் உளர். கோத்தகிரியிலோ கூடலூரிலோ குடியேறிவிட்ட சித்தப்பாவைப் பார்க்கப் போகிறார் ஒருவர். பழனிக்கும் திருச்செந்தூருக்கும் நேர்த்திக்கடன் செலுத்தப் போகிறார் மற்றொருவர். மேற்படிப்பை நாடிப் போகும் மாணவரும் உண்டு. வளைகுடா நாடுகளில் வேலை தேடிப் போகும் தாய்மாரும் உண்டு.

முதன்முறை புறப்படும் இவர்களிற் பலரும் முதலிற் கேட்கும் கேள்வி, ‘என்னென்ன எடுத்துப் போகவேண்டும்?’ என்பதே. நல்ல கேள்விதான், அதற்கும் விடை பின்னாற் கூறுவோம். ஆனால் புதுப் பெட்டியைத் திறக்குமுன் வீட்டிலுள்ள பழைய பத்திரப் பெட்டியைத் திறந்து பார்க்கவேண்டும். பிரயாணத்தின் பாதிச் சுகமும் பாதித் துன்பமும் அதற்குள்ளேதான் இருக்கின்றன.

மலையகத்து மக்களாகிய நமக்கு இஃது எவ்வளவு முக்கியம் என்பதை நம் சரித்திரமே சொல்லும். நம் முன்னோர் தோட்டத்துக்குத் தோட்டம் மாறுவதற்கே ‘துண்டு’ என்ற சீட்டு வேண்டியிருந்தது. தொழிலாளியின் கடன் எவ்வளவு என்பதைக் கூறிய அந்தச் சீட்டின்றி வேறு தோட்டத்தில் வேலை கிடைப்பது அரிது. 1921ஆம் ஆண்டிலேதான் அம்முறை ஒழிந்தது. பின்னர் 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம், தந்தையும் முன்னோரும் இந்நாட்டிற் பிறந்ததற்குச் சான்று கேட்டது. பிறப்புப் பதிவு சரிவர நடவாத அந்நாளில், தோட்டத்து மக்களுள் எத்தனை பேரால் அதைக் காட்ட முடியும்? இலட்சக்கணக்கானோர் நாடற்றவர் ஆயினர். 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியா செல்வதென்றும், 3,00,000 பேர் இலங்கைப் பிரஜைகளாவதென்றும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் விதி 1974இற்றான் தீர்மானமாயிற்று. தலைமன்னாரிற் கப்பலேறிய குடும்பங்கள் பல நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிற் குடியமர்ந்தன. இங்கே தங்கிய நாடற்றவர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும், 2003ஆம் ஆண்டுச் சட்டமுமே முழு வழி திறந்தன. ஆகவே நம் வீட்டிற் கடவுச்சீட்டு ஒன்று வந்து சேர்கிறதென்றால், பிறர் எழுதிக் கொடுத்த துண்டிலிருந்து நம் சொந்தப் பெயருக்கு வந்து சேர்ந்திருக்கிறோம் என்பது பொருள். அந்தப் பெயர் பிழையின்றி இருக்கவேண்டாமா?

ஆதலால் முதல் யோசனை இதுவே. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பாடசாலைப் பத்திரம், மணமானவராயின் விவாகச் சான்றிதழ் ஆகியவற்றை மேசைமீது வரிசையாக வைத்துப் பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். தந்தையின் பெயரையும் பிறந்த திகதியையும் அவ்வாறே பாருங்கள். நம் பகுதியிற் பல சான்றிதழ்கள் சிங்களத்தில் எழுதப்பட்டவை. தமிழ்ப் பெயர் அங்கே உருமாறி நிற்பதுண்டு. ‘முத்தையா’ என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது ‘டி’ ஒன்றா இரண்டா, அதன்பின் ‘எச்’ உண்டா இல்லையா என்று ஆளுக்கொரு விதமாக எழுதுகின்றனர். வீட்டிலே ‘ராணி’, செக்ரோலிலே ‘இராஜேஸ்வரி’, சான்றிதழிலே வேறொன்று என்பதும் நாம் காணாததன்று. நம் ஊரிலே இவரெல்லாம் ஒருவரே என்பது கிராம உத்தியோகத்தர் முதல் கடைக்காரர் வரை எல்லாருக்கும் தெரியும். விமான நிலையத்து உத்தியோகத்தருக்குத் தெரியாது. அவருக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் என்றால் இரண்டு ஆட்கள்.

பிழை இருப்பின் அதைக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்குமுன் பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவிலே காட்டித் திருத்தும் வழியைக் கேளுங்கள். திருத்தம் ஒரு நாளிலே முடியும் காரியம் அன்று. எனவே பிரயாணத் திகதியைக் குறித்துக்கொண்டு திருத்தத்துக்கு ஓடுவதைவிடத் திருத்தம் முடிந்தபின் திகதி குறிப்பதே மேல். பத்திரங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு தேவையாயின் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடமே செய்வியுங்கள்; எல்லாவற்றிலும் ஒரே எழுத்துக்கூட்டலை எழுதும்படி வற்புறுத்துங்கள்.

கடவுச்சீட்டை வழங்குவது குடிவரவு குடியகல்வுத் திணைக்களம். அதன் தலைமைக் காரியாலயம் பத்தரமுல்லையில் உள்ளது. கண்டி முதலிய நகரங்களிற் பிராந்தியக் காரியாலயங்களும் உண்டு. கட்டணமும் விண்ணப்ப முறையும் அவ்வப்போது மாறுவன. ஆகவே முன்னர் போய் வந்த அயலாரின் சொல்லை மட்டும் நம்பாமல் திணைக்களத்தில் நேரே விசாரித்துக்கொள்க. சீட்டு கைக்கு வந்தவுடன் அங்கேயே நின்று ஒவ்வோர் எழுத்தையும் வாசியுங்கள். ஏற்கெனவே சீட்டு வைத்திருப்போர் அது முடியும் திகதியைப் பார்க்கவேண்டும். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதமேனும் செல்லுபடியாகும் சீட்டையே ஏற்கின்றன. பிரயாணச் சீட்டு வாங்கும்போதும் பெயர் கடவுச்சீட்டில் உள்ளவாறே இருத்தல் வேண்டும். செல்லப் பெயருக்கு அங்கே இடமில்லை.

அடுத்தது பிரதி எடுத்தல். எல்லாப் பத்திரங்களிலும் இரண்டு பிரதி எடுத்து, ஒன்றை உங்களோடும், மற்றொன்றை வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். வேறோர் ஊர் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்கமுடியாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலும் நம் மாவட்டத்தை நிலைகுலையச் செய்தது. உயிரிழப்புக்கு ஈடேது? ஆயினும் உயிர் தப்பியோர் மறுநாட் காலையிலே தாம் யாரென்று நிரூபிக்க வேண்டியிருந்தால், மண்ணுக்கடியிற் போன பெட்டி அவர்க்கு உதவாது. படம் பிடித்துத் தொலைபேசியில் வைத்தலும் நன்றே. ஆனால் தொலைபேசியும் தொலையும் பொருள்தான்.

இனி விசா. எந்தக் காரியத்துக்குப் போகிறோமோ அந்தக் காரியத்துக்குரிய விசாவையே பெறவேண்டும். இந்தியாவுக்குப் போவோர் இந்திய அரசாங்கத்தின் இணையத்தளத்தின் மூலமாகவோ, அந்நாட்டின் தூதரகங்கள் கூறும் வழியிலோ விண்ணப்பிக்கலாம். மலையகத்தார்க்கு அண்மையிலுள்ளது கண்டியிலுள்ள உதவி உயர்ஸ்தானிகராலயம். 2025 ஒக்டோபர் தொடக்கம் இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவர், வருகை அட்டையையும் இணையத்திலே நிரப்பவேண்டும் என்ற முறை வந்துள்ளது. வீட்டிலுள்ள மாணவர் ஒருவர் அரைமணி நேரம் ஒதுக்கினால் இதைச் செய்துவிடலாம்.

வேலைக்குப் போவோர்க்கு இங்கே ஓர் எச்சரிக்கை. ‘இப்போது வருகை விசாவிற் போ, அங்கே போனபின் வேலை விசாவாக மாற்றித் தருகிறேன்’ என்று ஒரு முகவர் கூறினால், அந்த வாசற்படியிலேயே அவரை வழியனுப்பிவிடுங்கள். 2022ஆம் ஆண்டில் அவ்வாறு வருகை விசாவில் ஓமானுக்குக் கொண்டு செல்லப்பட்ட இலங்கைப் பெண்கள் அங்கே பட்ட பாட்டைப் பத்திரிகைகளில் வாசித்தோம். வருகையாளராகப் போனவர்க்கு வேலை ஒப்பந்தம் இல்லை. சம்பளத்தைக் கேட்கும் உரிமையும் இல்லை. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்திற் பதிந்து போவோர்க்கே பாதுகாப்பு உண்டு. முகவரின் அனுமதிப்பத்திரம் மெய்யானதா என்பதையும் அங்கேயே கேட்டறியலாம். அதன் தொலைபேசி இலக்கம் 1989.

இனி வழிப்பயணம். கட்டுநாயக்கவிலிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் மதுரைக்கும் விமானங்கள் உண்டு. கோத்தகிரிக்கோ பழனிக்கோ போகிறவர், எந்த ஊரில் இறங்கினால் மேற்கொண்டு பஸ் வழி சுலபம் என்பதை உறவினரிடம் கேட்டபின் சீட்டு வாங்கட்டும். கடல் வழியை விரும்புவோர்க்கு 2023ஆம் ஆண்டு ஒக்டோபரில் காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கியது. கடல் கொந்தளிக்கும் பருவத்தில் அது நிறுத்தப்படுவதுண்டு, விசாரித்தே புறப்படவேண்டும். நம்மவர்க்கு ஆகாயத்தைவிடக் கடினமானது மலையிலிருந்து இறங்கும் வழியே. மழைக்காலத்தில் எந்த வளைவில் மண் சரியும், எந்த ரயில் ஓடும் என்று சொல்லமுடியாது. விமானம் புறப்படுவதற்கு மூன்று மணி நேரம் முன்னரே நிலையத்தில் இருக்கவேண்டும் என்பர். பதுளையார் அதற்கும் ஒரு நாள் முன்னரே இறங்கி, கொழும்பிலோ நீர்கொழும்பிலோ தங்கிக்கொள்வது உத்தமம். ஒரு விமானத்தைத் தவறவிடுவதற்கு ஆகும் செலவில் ஓர் இரவுத் தங்கல் மிகச் சிறியது.

இப்போது பெட்டிக்கு வருவோம். உறவினர்க்கு நம் தோட்டத்துத் தேயிலையைக் காட்டிலும் சிறந்த பரிசு இல்லை. கடையிற் பொதி செய்து முத்திரையிட்டதாக அது இருக்கட்டும். செடி, நாற்று, விதை, மண் ஆகியவற்றை எடுத்துப் போகவும் வேண்டாம். திரும்பும்போது மல்லிகைக் கொடி என்று ஆசைப்பட்டுக் கொண்டுவரவும் வேண்டாம். பயிர்நோய் பரவாமலிருக்க அவற்றுக்குத் தனி அனுமதி வேண்டும். ஊறுகாய், எண்ணெய் முதலியன பெரிய பெட்டிக்குள் போகவேண்டும்; கைப்பையிலே திரவப் பொருளைத் தடுத்துவிடுவர். மருந்து உட்கொள்வோர் அதனை மருத்துவரின் சீட்டோடு கைப்பையிலே வைக்கவேண்டும். சமையலறையில் நாம் சாதாரணமாக வைத்திருக்கும் கசகசா அரபு அமீரகத்தில் போதைப்பொருட் சட்டத்துக்குள் வருவது. சிங்கப்பூருக்கும் அதை எடுத்துப் போகவேண்டாம். வெற்றிலை போடும் பழக்கமுள்ள பெரியவர்கள் அந்த நாடுகளுக்குப் போகும்போது வெற்றிலைப் பெட்டியையும் புகையிலையையும் வீட்டிலேயே வைத்துவிடட்டும். ‘இதை மட்டும் என் மகனிடம் கொடுத்துவிடுங்கள் அக்கா’ என்று அயலார் நீட்டும் பொட்டலத்தைத் திறந்து பாராமல் வாங்காதீர்கள். மனம் நோகுமே என்று அஞ்சவேண்டாம். சுங்கத்தாரின் முன்னே உங்கள் பெட்டியில் இருப்பதெல்லாம் உங்கள் பொருளே.

போன இடத்தில் நினைவில் வைக்க வேண்டியவை மிகச் சில. பணத்தை வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்றகத்திலோ மாற்றிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். எல்லாப் பணத்தையும் ஒரே பையில் வையாதீர்கள். தங்குவிடுதியிற் பதிவுக்காகக் கடவுச்சீட்டைக் கேட்பார்கள். கொடுத்துத் திரும்பப் பெற்றபின் அறைக்குப் போங்கள். வேலை கொடுப்பவரோ முகவரோ அதை வாங்கி வைத்துக்கொள்வது முறையன்று. உறவினரின் முகவரியையும் தொலைபேசி இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருங்கள். இந்தியாவில் மணிக்கூட்டை மாற்ற வேண்டியதில்லை. 2006ஆம் ஆண்டிலிருந்து இரு நாட்டு நேரமும் ஒன்றே. விசா முடியும் திகதியை மட்டும் சுவரிலெழுதியது போல் மனத்திலெழுதிக்கொள்ளுங்கள். ‘திருவிழா முடிந்து போகலாமே’ என்று உறவினர் அன்போடு நிறுத்துவர். அந்த அன்பினால் இரண்டு நாள் தாமதித்தவர், அடுத்த முறை விசா கேட்கும்போது அதன் விலையை அறிவார்.

ஈற்றில் மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் தோட்டங்களில், கொழுந்து பறித்தே பிள்ளைகளைப் படிக்கவைத்த தாய்மார் பலர் தம் பெயரை எழுதிக் காட்டப்பட்டால் அடையாளங் காணமாட்டார். விமான நிலையத்தில் ஒரு தாளை நீட்டிக் கைச்சாத்திடச் சொன்னால், அதில் என்ன இருக்கிறதென்று அறியாமலே ஒப்பமிடுவர். அவர்கள் புறப்படும்வரை காத்திராமல், இந்த ஞாயிற்றுக்கிழமையே அம்மாவின் சான்றிதழையும் அடையாள அட்டையையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பின்பு அவருடைய பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதி, அதைப் பார்த்து எழுதப் பழக்குங்கள். ஒரு வாரம், நாளொன்றுக்குக் கால்மணி நேரம் போதும். அவர் வெளிநாடு போனாலும் போகாவிட்டாலும், வங்கியிலும் சேமலாப நிதி அலுவலகத்திலும் ஆஸ்பத்திரியிலும் அந்தப் பெயர் அவருக்கு உதவும்.