ஃபார்மட் போட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

மகன் கேம்ஸ் விளையாட வேண்டும் என்று அடம் பிடித்தான். தனியாக கிராபிக்ஸ் கார்டு போட்டு, எழுபது எண்பதாயிரம் செலவழித்து ஒரு கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து வாங்கிவிட்டீர்கள். இரண்டு மாதம் ஜோராக ஓடியது. அதன் பிறகு விளையாட்டின் நடுவே தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. ஒரு நாள் நீலத் திரை, இன்னொரு நாள் மவுஸ் கூட நகராமல் ஹேங். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால், "வைரஸ் சார், ஃபார்மட் போட்டுத் தரேன்" என்கிறார்கள். அடுத்த வாரம் மறுபடியும் அதே கதை.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் லீவுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் புலம்பல் என் காதில் விழுகிறது. (சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு ஃபேன் ரெகுலேட்டர் வரை எல்லாம் தெரியும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை.) காரணம் கண்டுபிடிக்காமல் ஃபார்மட் போடுவதை நான் ரிப்பேர் என்றே ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்குப் பணம் கொடுப்பதை நாம் நிறுத்த வேண்டும். ஃபார்மட் ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதைத்தான் மாற்றும். ராம், எஸ்.எம்.பி.எஸ்., பிராசஸர், வீட்டு வயரிங் எதையும் அது தொடாது. மகள் காலேஜுக்காகச் செய்து வைத்த புராஜெக்டும், குடும்ப போட்டோக்களும் போனதுதான் மிச்சம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் உறவினர் வீட்டில் மூன்று மாதத்தில் நான்கு முறை ஃபார்மட் நடந்தது. "கேம்ஸ் விளையாடித்தான் மிஷினைக் கெடுத்துட்டான்" என்று பையனுக்குத் தினமும் திட்டு. அவனிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ரீஸ்டார்ட் ஆகும் நாள், மணி, அப்போது வீட்டில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று எழுதச் சொன்னேன். பத்து நாளில் விஷயம் வெளியே வந்துவிட்டது. கிட்டத்தட்ட எல்லாமே மாலை ஏழு மணிக்கு மேல், வீட்டில் தண்ணீர் மோட்டார் போடும் நேரம். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது வழக்கத்தைவிடப் பல மடங்கு கரண்ட் இழுக்கும். அந்த ஒரு கணம் அதே லைனில் வோல்டேஜ் சரியும். கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் எஸ்.எம்.பி.எஸ். அதைச் சமாளித்துவிடும். கேம் ஓடி கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சில் மின்சாரம் கேட்கும்போது சமாளிக்க முடியாது. அதனால்தான் பழி விளையாட்டின் மீது விழுந்தது. மோட்டாருக்குத் தனி லைன் இழுத்தார்கள், தொல்லை நின்றது. எலக்ட்ரீஷியன் வாங்கிய கூலி, நான்கு ஃபார்மட்டுக்குக் கொடுத்ததைவிடக் குறைவு.

வீட்டில் இன்வெர்டர் இருக்கிறதா? பல மாடல்களில் பின்பக்கம் 'நார்மல்', 'யூ.பி.எஸ்.' என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். நார்மலில் இருந்தால் குறைந்த வோல்டேஜையும் அப்படியே உள்ளே விடும். கரண்ட் போனால் பேட்டரிக்கு மாறவும் கொஞ்சம் தாமதிக்கும். ஃபேனுக்கும் டியூப் லைட்டுக்கும் அது போதும். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். கரண்ட் இல்லாமல் தாங்குவது ஏறக்குறைய பதினாறு, பதினேழு மில்லி செகண்ட்தான். ஆகவே சுவிட்ச் யூ.பி.எஸ். பக்கம் இருக்கட்டும்.

எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சம் பிடிப்பதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. முப்பதாயிரத்துக்கு கிராபிக்ஸ் கார்டு வாங்குகிறவர், கேபினட்டோடு இலவசமாக வந்த பெட்டியை வைத்து அதை ஓட்டுகிறார்! இன்றைய கார்டுகள் மில்லி செகண்ட் கணக்கில் திடீரென்று பெரிய அளவில் மின்சாரம் உறிஞ்சும். இதற்காகவே 2022-ல் வந்த ஏ.டி.எக்ஸ். 3.0 விதிமுறை, அதிக வாட் எஸ்.எம்.பி.எஸ்.கள் தங்கள் அளவைப் போல இரு மடங்கு வரை மிகச் சிறிது நேரம் தாங்க வேண்டும் என்று சொல்கிறது. மேலே ஒட்டிய ஸ்டிக்கரில் 500 வாட் என்று போட்டிருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

விண்டோஸிடமும் கொஞ்சம் விசாரிக்கலாம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் டைப் செய்தால், எந்த நாளில் எது கிராஷ் ஆனது என்று காலண்டர் போலக் காட்டும் பக்கம் திறக்கும். ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று பார்த்துவிட்டு உடனே எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்ற ஓடாதீர்கள். கம்ப்யூட்டர் முறையாக ஷட் டவுன் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது. காரணத்தைச் சொல்வதில்லை. அடுத்து ராம். பயாஸில் எக்ஸ்.எம்.பி. அல்லது எக்ஸ்போ ஆன் செய்திருந்தால் ஆஃப் செய்துவிட்டு ஒரு வாரம் ஓட்டிப் பாருங்கள். மெம்டெஸ்ட்86 என்ற இலவச புரோகிராமைப் பென் டிரைவில் போட்டு ராத்திரி முழுக்க ஓட விடுங்கள். ஒரே ஒரு எர்ரர் வந்தாலும் ராம் பக்கம் சந்தேகம் வலுக்கிறது. ஒவ்வொரு ராமாகக் கழற்றி மாட்டிப் பார்க்க வேண்டும்.

ராஜபாளையத்துக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மில்லும் தறியும் பக்கத்தில் இருக்கும் தெருக்களில் பஞ்சுத் தூசி சாதாரணத் தூசி போல அல்ல. ஹீட் சிங்க்கின் இடுக்கில் மெத்தை மாதிரி படிந்துவிடும். சித்திரை மாதம் அறையே அடுப்பாக இருக்கும்போது சிப் எப்படிக் குளிரும்? அறை பத்து டிகிரி சூடானால் சிப்பும் ஏறக்குறைய அதே பத்து டிகிரி ஏறும். மாதம் ஒரு முறை பவரை எடுத்துவிட்டு, ஃபேன் சுற்றாமல் விரலால் பிடித்துக்கொண்டு பிரஷ்ஷால் தட்டுங்கள். கம்ப்யூட்டர் டேபிளின் மூடிய அறைக்குள் கேபினட்டை வைத்துக் கதவைச் சாத்துவது வேண்டவே வேண்டாம்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிராஷ் ஆகலாம். இன்டெல் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசஸர் விவகாரம் அப்படிப்பட்டதுதான். பல கேம்களில் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று செய்தி வந்தது. உலகம் முழுக்க ஆட்கள் கிராபிக்ஸ் கார்டைச் சந்தேகித்தார்கள், டிரைவரை மாற்றினார்கள், ஃபார்மட்டும் போட்டார்கள். கோளாறு பிராசஸரில் இருந்தது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டு, அது நாளடைவில் தன்னையே பழுதாக்கிக்கொண்டது. 2024 ஜூலையில் இன்டெல் இதை ஒப்புக்கொண்டு, ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்தம் வெளியிட்டது. மதர்போர்டு பயாஸை அப்டேட் செய்தால் அந்தத் திருத்தம் வந்து சேரும். ஆனால் ஏற்கெனவே கெட்டுப்போன சிப்பை அது மீட்காது, மாற்றித்தான் ஆக வேண்டும். 2025 ஜூலையில் ஐரோப்பாவில் வெயில் கொளுத்தியபோது, இந்த ரகச் சிப்கள் உள்ள கம்ப்யூட்டர்களிலிருந்து ஃபயர்பாக்ஸ் கிராஷ் ரிப்போர்ட்டுகள் கூடுவதாக மொசில்லா இன்ஜினியர் கேப்ரியேல் ஸ்வெல்டோ சொன்னார். அங்கேயே அப்படி என்றால் நம் ஊரில் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

பெரிய கம்பெனியின் இன்ஜினியர்களுக்கே காரணம் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆனது. ஐந்து நிமிடத்தில் "வைரஸ்" என்று தீர்ப்புச் சொல்பவரிடம், "எந்த டெஸ்ட் செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்பதில் தப்பே இல்லை. நோட்டைக் காட்டுங்கள். ராம் டெஸ்ட் ஓட்டச் சொல்லுங்கள். வேறு எஸ்.எம்.பி.எஸ். மாட்டி ஒரு நாள் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பொறுமையாக இதையெல்லாம் செய்கிற மெக்கானிக் கிடைத்தால், ஃபார்மட் சார்ஜைவிட இரண்டு மடங்கு கேட்டாலும் பேரம் பேசாமல் கொடுங்கள்.

உங்களிடம் இருப்பது 13 அல்லது 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9, அல்லது பெயரில் 'கே' உள்ள ஐ5 என்றால், வாங்கிய பில்லை இன்றைக்கே தேடி எடுங்கள். பாக்ஸில் வந்த இந்தச் சிப்களுக்கு வாரன்ட்டியை இன்டெல் மூன்று வருடத்திலிருந்து ஐந்தாக நீட்டியது. 2023-ல் வாங்கியிருந்தால் 2028 வரை கேட்க முடியும்.