ரிமோட் ஸ்டார்ட்டர்: வசதியா? வம்பா?



"தம்பி, நீ ஆட்டோமொபைல்தானே படிக்கிற? வெயில்ல நிக்கிற வண்டி, ஏறி உக்காந்தா சீட்டு சுடுது. ஆபீஸ்ல இருந்தே ஒரு பட்டன் தட்டினா வண்டி ஸ்டார்ட் ஆகி, நான் போறதுக்குள்ள ஏசி ஓடி ஜில்லுன்னு இருக்கணும். அதுக்கு ஏதோ கிட் விக்கிறானாமே, மாட்டித் தர்றியா?"

மாமா, சித்தப்பா, பக்கத்து வீட்டு வாத்தியார் என்று யாராவது ஒருவர் நம்மிடம் இப்படிக் கேட்டிருப்பார்கள். கேட்பதில் தப்பே இல்லை. சித்திரை மாதத்தில் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மணி நேரம் காரை நிறுத்திவிட்டு வந்து ஏறியவர்களுக்குத்தான் அந்தச் சூடு தெரியும். 2019-இல் வந்த ஹூண்டாய் வென்யூ, கியா செல்டாஸ் கார்களின் சில மாடல்களில் செல்போனிலிருந்தே இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் வசதியைக் கம்பெனிக்காரர்களே கொடுத்தார்கள். 'அவன் வண்டியில இருக்கு, என் வண்டியில ஏன் இருக்கக் கூடாது?' என்று மற்றவர்கள் நினைப்பது இயற்கைதானே! கிட் விலைக்குக் கிடைக்கிறது. மாட்டித் தரும் கடைகளும் இருக்கின்றன. நாளைக்கு அந்தக் கடைகளில் ஸ்பேனர் பிடிக்கப் போவது நாம்தான். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு இன்ஜினைத் தூரத்திலிருந்து ஸ்டார்ட் ஆக வைப்பது பெரிய வித்தை இல்லை. ஸ்டார்ட் ஆகக் கூடாத நேரத்தில் ஆகாமல் இருக்க வைப்பதுதான் வித்தை. அதைச் செய்யாத கிட்டை "மாட்ட மாட்டேன்" என்று சொல்ல நமக்குத் தைரியம் வேண்டும்.

சாவியைத் திருப்பும்போது என்ன நடக்கிறது? பேட்டரியிலிருந்து வரும் ஒயரை முதலில் இக்னிஷன் ஒயரோடு சேர்க்கிறோம். அப்புறம் ஒரு சில விநாடி ஸ்டார்ட் ஒயரோடு சேர்க்கிறோம். இன்ஜின் பிடித்ததும் விட்டுவிடுகிறோம். கிட்டில் இருக்கும் ரிலேக்கள் செய்வதும் இதைத்தான். நம் லேபில் ஒரே பீரியடில் செய்து காட்டிவிடலாம். ஆனால் சாவியைத் திருப்புகிறவன் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான் அல்லவா? அவன் கை கியரை ஆட்டிப் பார்க்கிறது. கால் கிளட்சை மிதிக்கிறது. முன்னால் யாராவது நிற்கிறார்களா என்று கண் பார்க்கிறது. கை, கால், கண் மூன்றும் செய்யும் வேலையை ரிலே செய்யாது.

நம் தாத்தாக்களுக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. 1912-இல் அமெரிக்காவின் காடிலாக் காரில் கெட்டரிங் என்ற இன்ஜினியரின் எலக்ட்ரிக் செல்ஃப் ஸ்டார்ட்டர் வரும் வரைக்கும் காருக்கு முன்னால் நின்று ஹேண்டில் சுற்றித்தான் ஸ்டார்ட் செய்தார்கள். நம் ஊர் அம்பாசடருக்கும்கூட ஹேண்டில் உண்டு. வண்டி கியரில் இருந்து இன்ஜின் பிடித்துக்கொண்டால் சுற்றுகிறவன் மேலேயே ஏறிவிடும். அதனால் ஹேண்டிலைத் தொடுவதற்கு முன் கியரை ஆட்டிப் பார்ப்பது அந்தக் காலத்து டிரைவர்களுக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம். உயிர் பயம் கற்றுக் கொடுத்த பாடம் அது! ரிமோட் பிடித்தவனுக்கு அந்தப் பயம் இல்லை. அவன்தான் வண்டிக்கு முன்னால் நிற்பதில்லையே. நிற்பது வேறு யாரோ.

போன வருஷம் அந்த 'வேறு யாரோ' நானாக இருந்தேன். டிரெய்னிங்குக்காக ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தபோது வெள்ளிமலையிலிருந்து ஒரு டீசல் கார் சர்வீசுக்கு வந்தது. ஓனர் வண்டியை ஓரமாக விட்டுவிட்டு எதிரே டீக்கடைக்குப் போய்விட்டார். மெக்கானிக் அண்ணன் பானட்டைத் தூக்கி பெல்ட்டைப் பார்த்தார். "14-ஆம் நம்பர் எடுத்துட்டு வர்றேன், நீ இங்கேயே நில்லு" என்று உள்ளே போனார். நான் பம்பரில் முட்டியை வைத்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். திடீரென்று வண்டி ஒரு குதி குதித்தது! நான் பக்கவாட்டில் விழுந்தேன். வண்டி இரண்டடி நகர்ந்து வேஸ்ட் ஆயில் டிரம்மில் இடித்து ஆஃப் ஆகிவிட்டது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு மட்டும்தான். பெல்ட்டில் அண்ணன் கை இருந்திருந்தால்...?

நடந்தது இதுதான். ஓனர் டீக்கடையில் நண்பருக்கு ரிமோட்டைக் காட்டி, பெருமையாக ஒரு அழுத்து அழுத்தியிருக்கிறார். வண்டி ஃபர்ஸ்ட் கியரில் இருந்திருக்கிறது. கிளட்சை மிதித்தால்தான் ஸ்டார்ட் ஆகும் என்று கம்பெனி வைத்திருந்த கிளட்ச் சுவிட்சை, கிட் மாட்டியவர் ஷார்ட் பண்ணி விட்டிருந்தார். பானட் திறந்திருந்தால் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்க ஒரு சுவிட்ச் கிட்டிலேயே வருகிறது. அந்த ஒயரை வெட்டி டேப் சுற்றியிருந்தார். பாவம், அந்த ஓனர் நல்ல மனிதர். முகம் வெளுத்து ஓடி வந்து என் காலைப் பிடிக்காத குறை. "கியர்ல இருக்கும்னு தோணவே இல்லைய்யா" என்றார்.

நான் அவரைக் குறை சொல்ல மாட்டேன். கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலை ஏறிப் பாருங்கள். மேலே சமமான இடம் கிடைப்பது அபூர்வம். சரிவில் வண்டியை நிறுத்துகிறவர் என்ன செய்வார்? ஹேண்ட் பிரேக் போடுவார், கியரில் விடுவார், டயருக்கு ஒரு கல் கொடுப்பார். அதுதான் சரியான முறை. நமக்கு டிரைவிங் கற்றுக் கொடுத்தவர்களும் அதைத்தான் சொன்னார்கள். ஆனால் ரிமோட் ஸ்டார்ட்டருக்கு வண்டி நியூட்ரலில் இருக்க வேண்டும். மலையில் நியூட்ரலில் விட்டால் வண்டி உருண்டு போகும். கியரில் விட்டால் பட்டன் தட்டியதும் பாயும். இரண்டுக்கும் நடுவில் வழி எங்கே இருக்கிறது?

நல்ல கிட்களில் மேனுவல் கியர் வண்டிக்கென்று ஒரு ஏற்பாடு உண்டு. நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே இறங்கிக் கதவைச் சாத்த வேண்டும். அதன் பிறகு கிட்டே இன்ஜினை நிறுத்தும். நடுவில் யாராவது கதவைத் திறந்தால் ரிமோட் வேலை செய்யாது. நல்ல யோசனைதான். ஆனால் இது முழுக்க ஹேண்ட் பிரேக் கேபிளை நம்பியிருக்கிறது. நம் ஊர் வண்டிகளில் எத்தனை ஹேண்ட் பிரேக் ஒழுங்காகப் பிடிக்கிறது என்று சர்வீசில் நின்றவர்களைக் கேளுங்கள்!

கார் இல்லாத வீட்டு நண்பர்களுக்கும் இது புரியும். கரண்ட் வந்தவுடன் தானாக ஓடும் ஆட்டோ சுவிட்ச் நம் மோட்டார் கொட்டகைகளில் உண்டு. செல்போனில் மோட்டாரைப் போடும் கருவியும் வந்துவிட்டது. நடுராத்திரி த்ரீ பேஸ் வரும்போது பாம்புக்கும் தேளுக்கும் பயந்து வரப்பில் நடந்தவர்களுக்கு இவை பெரிய வரம். நான் மறுக்கவில்லை. ஆனால் கிணற்றில் இறங்கி வேலை செய்யப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? ஃபியூஸ் கேரியரைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்கிறார். 'இது என் பையில் இருக்கிற வரை எவனும் மோட்டாரைப் போட முடியாது' என்ற நம்பிக்கையில்தான் இறங்குகிறார். ஒர்க்‌ஷாப்பில் கார் சாவியும் அப்படித்தான். சாவி மெக்கானிக்கின் பையில் இருந்தால் அவர் கை ஃபேன் பக்கம் தைரியமாகப் போகும். ரிமோட் ஸ்டார்ட்டர் அந்த நம்பிக்கையைப் பொய்யாக்கிவிடுகிறது.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 126-ஆம் பிரிவைப் பாருங்கள். பொது இடத்தில் நிற்கும் வண்டியில், லைசென்ஸ் உள்ளவர் டிரைவர் சீட்டில் இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜினை நிறுத்தி, பிரேக் போட்டோ வேறு விதத்திலோ வண்டி தானாக நகராதபடி செய்திருக்க வேண்டும். ஆக, ரோட்டோரம் ஆளில்லாமல் ஓடும் இன்ஜினுக்கு இதில் இடமில்லை.

"அப்போ மாட்டவே கூடாதா?" என்று கேட்பீர்கள். மாட்டலாம். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி, சொந்த இடத்தில் சமதளத்தில் நிற்கும் வண்டி என்றால் மாட்டலாம். ஆனால் சில விஷயங்களில் விட்டுக் கொடுக்கக் கூடாது. கியர் 'பி'யில் இல்லாவிட்டால் ஸ்டார்ட் ஆகக் கூடாது. பானட் சுவிட்ச் கண்டிப்பாக வேண்டும். பிரேக்கை மிதித்தால் ரிமோட்டில் ஓடும் இன்ஜின் நிற்க வேண்டும். இன்ஜின் பிடித்ததை உணர்ந்து செல்ஃபை விடுவிக்க ஆர்பிஎம் சிக்னல் கொடுக்க வேண்டும். பத்து, பதினைந்து நிமிஷத்தில் தானாக நிற்க வேண்டும். சர்வீசுக்கு விடும்போது ரிமோட்டை முடக்கி வைக்க ஒரு சுவிட்ச் வேண்டும். அதை மெக்கானிக்கிடம் சொல்லவும் வேண்டும்.

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். ஸ்டியரிங் கீழே மஞ்சள் கனெக்டர் தெரிந்தால் அது ஏர்பேக், கை வைக்காதீர்கள். டெஸ்ட் லாம்ப் வேண்டாம், மல்டிமீட்டர் போதும். ஜாயின்ட்டை முறுக்கி டேப் சுற்றாமல் சால்டர் வைத்து ஸ்லீவ் போடுங்கள். பேட்டரி ஒயருக்கு ஃபியூஸ் இல்லாமல் விடாதீர்கள். இன்னொன்று: இப்போதைய சாவிக்குள் இம்மொபிலைசர் சிப் இருக்கிறது. அதை ஏமாற்ற, ஸ்பேர் சாவியின் சிப்பை டாஷ்போர்டுக்குள் ஒளித்து வைப்பவர்கள் உண்டு. அது பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவது மாதிரி! மூடிய ஷெட்டில் நிற்கும் வண்டிக்கோ ரிமோட் வேண்டவே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

மேனுவல் கியர் வண்டியா? மலைக்குப் போய் வரும் வண்டியா? என் பதில் "வேண்டாம்" என்பதுதான். நாலு கதவையும் ஒரு நிமிஷம் திறந்து வையுங்கள், கண்ணாடியை இறக்கிக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள், சூடான காற்று போய்விடும். அப்புறம் ஏசி போடுங்கள். இதற்குக் கிட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். காலையில் இன்ஜினைச் சூடேற்ற வேண்டும் என்பதும் பனி உறையும் நாட்டுக்காரர்கள் கவலை. நம் மலைக் குளிருக்கு இன்றைய இன்ஜின் அதைக் கேட்பதில்லை.

"நீ மாட்டலைன்னா பக்கத்துக் கடைக்காரன் மாட்டப் போறான்" என்று முதலாளி சொல்வார். சொல்லட்டும். கிளட்ச் சுவிட்சை ஷார்ட் பண்ணுவதற்கு டிப்ளமோ தேவையில்லை, ஒரு துண்டு ஒயர் போதும். அதை ஏன் ஷார்ட் பண்ணக் கூடாது என்று தெரிந்துகொள்ளத்தான் மூன்று வருஷம் படிக்கிறோம். அந்த வண்டிக்கு முன்னால் நாளைக்கு நிற்கப் போவது நம்மைப் போல ஒரு டிரெய்னிங் பையனாக இருக்கலாம்.

நண்பர்களே, பட்டனைத் தட்டுமுன் கியரை ஆட்டிப் பாருங்கள். ஆட்டிப் பார்க்க முடியாத தூரத்தில் இருந்தால் பட்டனைத் தட்டாதீர்கள்!