கண்ணாடிப் பிரதியை நம்பி உறங்கும் அலுவலகங்கள்

2023 ஓகஸ்டில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் கட்டமைப்பு ரான்சம்வெயார் தாக்குதலுக்கு உள்ளானது. அமைச்சரவை அலுவலகம் உட்பட, அரச மின்னஞ்சல் முகவரிகளைப் பயன்படுத்திய சுமார் 5,000 பேரின் தரவுகள் பாதிக்கப்பட்டன. கட்டமைப்பு விரைவிலேயே வழமைக்குத் திரும்பியது. ஆனால் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பவில்லை. இணைப்பிலேயே இருந்த காப்புப் பிரதிகளும் சேர்ந்து பூட்டப்பட்டன. அந்தக் காலப்பகுதிக்கு, இணைப்புக்கு வெளியே வைத்த பிரதி எதுவும் இருக்கவில்லை.

இன்றும் ஏதாவதொரு அலுவலகத்தில் தரவுப் பாதுகாப்பைப் பற்றிக் கேட்டால், "இரண்டு டிஸ்க் போட்டிருக்கிறோம்" என்ற பதில்தான் பெரும்பாலும் கிடைக்கும். ரெய்ட் 1 எனப்படும் கண்ணாடிப் பிரதி முறை அது. ஒரு வன்தட்டில் எழுதப்படுவது அதே கணத்தில் மற்றதிலும் எழுதப்படும். ஒன்று பழுதடைந்தால் மற்றையதில் வேலை தொடரும். மலிவான, தேவையான ஏற்பாடு. ஆனால் தவறுதலாக அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். ரான்சம்வெயார் பூட்டினால் இரண்டும் பூட்டப்படும். கண்ணாடிக்கு நல்லது கெட்டது தெரியாது.

ஏற்கனவே இயங்கும் கணினியில் இதைப் பொருத்துவது இன்னும் கவனமான வேலை. லினக்ஸ் சேர்வர்களில் வழமையாக, புதிய வன்தட்டைப் பாதிக் கண்ணாடியாக அமைத்து, தரவுகளை அதற்குப் பிரதி செய்து, அதிலிருந்தே கணினியை இயக்கிப் பார்த்த பின்னரே பழையதை இணைப்பார்கள். இணைத்த கணத்திலிருந்து பழையதில் இருந்தவை மேலெழுதப்படும். ஒத்திசைவு முடியும்வரை முழுத் தரவும் ஒரேயொரு வன்தட்டில்தான். எது மூலம், எது பிரதி என்பதை மாற்றிக் கொடுத்துவிட்டால் வெற்றுத் தட்டு இரண்டு மிஞ்சும். ஆகவே தனியான பிரதியொன்றை வெளியே எடுத்து வைக்காமல் இந்த வேலையில் கைவைக்கக் கூடாது. பொருத்திய பிறகும் ஒரு வன்தட்டு செத்துக் கிடப்பதை மாதக்கணக்கில் யாரும் கவனிக்காத இடங்கள் உண்டு.

வசதி படைத்த நாடுகளும் இதில் தவறியிருக்கின்றன. 2025 செப்டெம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜோன் நகரிலுள்ள அரச தரவு மையத்தில், லித்தியம் பற்றரிகளில் பற்றிய தீயால் 709 கட்டமைப்புகள் முடங்கின. அரச ஊழியர்கள் கோப்புகளைச் சேமித்த ஜி-டிரைவ் முற்றாக எரிந்தது. 858 டெராபைட். கொள்ளளவு மிகப் பெரியது என்பதால் வெளியே பிரதி வைக்கவில்லை என்பதே அதிகாரிகள் சொன்ன காரணம். ஒரே கட்டடத்தில் எத்தனை கண்ணாடிகள் இருந்தாலும் தீக்கு அவை ஒன்றுதான்.

இந்திய உதவியுடன் டிஜிட்டல் அடையாள அட்டையை நோக்கி இலங்கை நகர்கிறது. விரலடையாளம் மின்னஞ்சல் அல்ல. தொலைந்தால் கோடிக்கணக்கானோரை மறுபடியும் வரிசையில் நிறுத்த வேண்டிவரும். கேள்விப்பத்திரங்களில் எத்தனை சேர்வர், எவ்வளவு விலை என்பது எழுதப்படும். இணைப்பற்ற பிரதி எந்த ஊரில் இருக்கும், அதிலிருந்து தரவை மீட்டுப் பார்க்கும் ஒத்திகை வருடத்துக்கு எத்தனை தடவை நடக்கும், அதற்கு யார் கையெழுத்திடுவார் என்பதையும் நாடாளுமன்றத்தில் யாராவது இப்போதே கேட்க வேண்டும்.