வயசானா அப்படித்தானா?

ரத்தம் எடுக்காமல், நாடி பிடிக்காமல், காதுக்குள் விளக்கடித்துப் பார்க்காமல் நம் ஊரில் சொல்லப்படும் நோய்க்கணிப்பு ஒன்று உண்டு. “வயசானா அப்படித்தான்.” மகன் சொல்வார், மருமகள் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரர் சொல்வார். அறுபதாவது டோக்கனைக் கூப்பிடும் அவசரத்தில் இருக்கும் டாக்டரும் சொல்வார். கடைசியில் நோயாளியே அதைச் சொல்லிக்கொண்டு நாற்காலியைவிட்டு எழுந்து போவார். படித்தவர், படிக்காதவர், ஆங்கில வைத்தியம், நாட்டு வைத்தியம் என்ற பேதமில்லாமல் எல்லாரும் ஒத்துப்போகும் கருத்து இது ஒன்றுதான். முதியோருக்கு இதைவிட அதிகக் கெடுதல் செய்த கருத்தும் எனக்குத் தெரிந்து வேறில்லை.

கண் விஷயத்தில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். அறுபதுக்கு மேல் பார்வை மங்குவதும், எழுபதில் திண்ணையோடு முடங்குவதும் ஒரு காலத்தில் இயற்கை என்றே விடப்பட்டன. கோலின் ஒரு முனையைப் பேரன் பிடித்து நடக்க, மறுமுனையைப் பிடித்துத் தாத்தா பின்னால் வருவார். அதை நோய் என்று யாரும் சொல்லவில்லை. அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் ஜி. வெங்கடசாமி, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். ஊர் ஊராக முகாம் நடந்தது. பள்ளிக்கூடத்தில் பரிசோதனை, பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோய் அறுவை, கறுப்புக் கண்ணாடியோடு வீடு திரும்பல். வெளிநாட்டிலிருந்து பெரிய விலைக்கு வந்துகொண்டிருந்த உள்விழி லென்ஸை 1992இல் தொடங்கிய ஆரோலேப் மதுரையிலேயே மலிவாகச் செய்தது. இன்றைக்கு எந்தக் கிராமத்திலாவது பாட்டிக்குக் கண் தெரியவில்லை என்றால் “வயசாயிருச்சு, விடு” என்பார்களா? “புரை விழுந்திருக்கும், கூட்டிட்டுப் போய் ஆபரேஷன் பண்ணு” என்பார்கள். புரை அப்போதும் வயதோடுதான் வந்தது, இப்போதும் வயதோடுதான் வருகிறது. வயதோடு வருகிறது என்பதற்காக அதை விட்டுவிட வேண்டியதில்லை என்று கண் விஷயத்தில் கற்றுக்கொண்டோம். அந்தப் படிப்பு கண்ணோடு நின்றுவிட்டது. பக்கத்திலிருக்கும் காதுக்குக்கூடப் போகவில்லை.

காதை எடுத்துக்கொள்வோம். அப்பாவுக்குக் காது கேட்கவில்லை என்றால் நாம் செய்யும் ஒரே சிகிச்சை, கத்திப் பேசுவது. சில நாளில் கத்துவதும் அலுத்துப்போய்ப் பேச்சைக் குறைத்துக்கொள்கிறோம். காதில் குறும்பி அடைத்திருக்கிறதா என்றுகூடப் பார்ப்பதில்லை. கண்ணாடி போட்டால் கௌரவம், காது மெஷின் மாட்டினால் அவமானம் என்ற கணக்கு வேறு. மறதி நோய் பற்றி ஆராய்ந்த லான்செட் ஆணையம் 2024இல் தந்த அறிக்கையில், தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடிய காரணங்கள் என்று 14ஐப் பட்டியலிட்டது. கவனிக்கப்படாத செவித்திறன் குறைவு அதில் முன்வரிசையில் இருக்கிறது. இந்த 14ஐயும் சரிசெய்ய முடிந்தால் உலகின் மறதி நோயில் 45 சதவீதம் வரை தடுக்கவோ தாமதிக்கவோ முடியும் என்பது அவர்கள் மதிப்பீடு. அப்பாவோடு பேச்சைக் குறைத்துக்கொள்ளும் வீடு அவர் காதை மட்டும் இழக்கவில்லை.

மறதிதான் “வயசானா அப்படித்தான்” என்ற நம்பிக்கையின் கோட்டை. அங்கேதான் இது அதிகம் பேரைக் காவு வாங்குகிறது. நேற்று வரை கணக்கு வழக்குப் பார்த்தவர் இன்று காலையில் மகளை யாரென்று கேட்கிறார். ராத்திரி முழுக்கத் தூங்காமல், என்றோ செத்துப்போன அண்ணனோடு பேசுகிறார். வீட்டில் முடிவு செய்துவிடுகிறார்கள்: வயசு, புத்தி தடுமாறிருச்சு. ஐயா, வயது ஒரே ராத்திரியில் வருவதில்லை. இப்படித் திடீரென்று குழம்புகிறவருக்கு ரத்தத்தில் சோடியம் இறங்கியிருக்கலாம். நம் ஊரில் “உப்பு குறைஞ்சிருச்சு” என்பார்களே, அதுதான். ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் சில மாத்திரைகளே அதற்குக் காரணமாக இருக்கலாம். சிறுநீரில் தொற்று இருக்கலாம். முதியவர்களுக்குக் காய்ச்சல் இல்லாமலே தொற்று வரும், குழப்பம் மட்டுமே வெளியே தெரியும். சில வாரங்களுக்கு முன் தலையில் இடித்துக்கொண்டது மூளைக்கு வெளியே மெல்ல ரத்தமாகக் கசிந்து அழுத்திக்கொண்டிருக்கலாம். இவை மூன்றுக்கும் சிகிச்சை இருக்கிறது, மூன்றையும் விட்டுவிட்டால் ஆள் போய்விடுவார்.

மெல்ல மெல்ல வரும் மறதிக்கும் இதே கதை. தைராய்டு குறைவு, பி12 குறைவு, மனச்சோர்வு மூன்றும் மறதியின் வேஷத்தில் வரும். சர்க்கரைக்காக ஆண்டுக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைய வாய்ப்பு அதிகம். ஊரில் பாதிப் பேர் வீட்டில் அந்த மாத்திரை இருக்கிறது, ஆனால் பி12 பார்த்தவர்கள் எத்தனை பேர்? உண்மையான மறதி நோயாகவே, அதாவது டிமென்ஷியாவாகவே, இருந்தாலும் அதுவும் நோய்தான். இந்திய முதியோர் நெடுங்கால ஆய்வை வைத்து 2023இல் வெளிவந்த மதிப்பீட்டின்படி அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா இருக்கிறது, ஏறத்தாழ 88 லட்சம் பேர். நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு பேருக்கு மேல் அது இல்லை. வயசானால் அப்படித்தான் என்றால் அத்தனை பேரும் எந்த வயதில் இருக்கிறார்கள்?

விழுவதும் அப்படியே. பாத்ரூமில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தவரின் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், அழுத்தத்துக்கு ஒருவர், மூட்டுக்கு ஒருவர், தூக்கத்துக்கு மெடிக்கல் ஷாப்காரர். ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாது. தூக்க மாத்திரை தள்ளாட வைக்கும். அழுத்த மாத்திரை கூடிப்போனால் எழுந்து நின்றதும் தலை சுற்றும். பல வேளைகளில் இதற்கு வைத்தியம் ஒரு மாத்திரையை நிறுத்துவதுதான், புதிதாக ஒன்றைச் சேர்ப்பதல்ல.

பெண்கள் சொல்லாமல் மறைப்பது இன்னொன்று. இருமினால், சிரித்தால், குனிந்து குடத்தைத் தூக்கினால் சிறுநீர் கசியும். கர்ப்பப்பை இறங்கியிருக்கும். அதற்குப் பயந்து கல்யாணத்துக்குப் போக மாட்டார்கள், பஸ் ஏற மாட்டார்கள். போகத்தான் வேண்டுமென்றால் முதல் நாளிலிருந்து தண்ணீர் குடிக்காமல் கிடப்பார்கள், தொற்றையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள். இடுப்புத் தசைப் பயிற்சி இருக்கிறது, இறங்கியதைத் தாங்கும் வளையம் இருக்கிறது, அறுவை இருக்கிறது. “எனக்கு எதுக்குப்பா வேண்டாத கூட்டம், நான் வரல” என்று அம்மா சொன்னால், அதற்கு அர்த்தம் வைராக்கியம் என்று மகன் நினைத்துக்கொள்கிறான்.

இவ்வளவு பொய்யான ஒரு நம்பிக்கை எப்படி இவ்வளவு காலம் நிற்கிறது? எல்லோருக்கும் செலவு மிச்சம், அதனால்தான். குடும்பத்துக்கு ஒரு நாள் லீவு மிச்சம், டாக்டருக்குப் பத்து நிமிஷம் மிச்சம், அரசாங்கத்துக்கு ஒரு துறையே மிச்சம். முதியவருக்கும் அதில் ஒரு லாபம் இருக்கிறது: பிள்ளைக்குப் பாரமாகவில்லை என்ற நிம்மதி. அந்த நிம்மதிக்குக் கொடுக்கும் விலைதான் அதிகம். அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்தில் 660 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து பெக்கா லெவி 2002இல் வெளியிட்ட ஆய்வில், தம் முதுமையைப் பற்றி நல்லவிதமாக நினைத்தவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஏழரை ஆண்டு கூடுதலாக வாழ்ந்திருந்தார்கள். நினைப்பு மட்டும்தான் காரணமா என்று வாதாடலாம். ஆனால் “இனி எனக்கென்ன” என்பவர் மருந்து சாப்பிட மாட்டார், நடக்க மாட்டார், டாக்டரிடம் போக மாட்டார் என்பதற்கு ஆய்வு தேவையில்லை.

இந்த நம்பிக்கையின் கடைசிப் படியையும் நாம் பார்த்திருக்கிறோம். விருதுநகர் மாவட்டத்தில் படுத்த படுக்கையான முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துக் கதையை முடிக்கும் தலைக்கூத்தல் பற்றி 2010இல் செய்திகள் வந்தபோது ஊரே அதிர்ந்தது. இனி தேற மாட்டார் என்று அங்கே தீர்மானித்தது யார்? டாக்டரா? நாம் செய்வது அதுவல்ல, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தீர்மானிக்கும் முறை ஒன்றேதான்.

“அப்படியானால் தொண்ணூறு வயதுக்காரரை ஐசியூவில் குழாய் செருகிக் கிடத்தச் சொல்கிறாயா?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். முதுமையில் உடல் தளர்வது உண்மை, எல்லாவற்றுக்கும் மருந்தில்லை என்பதும் உண்மை. எது தளர்ச்சி, எது நோய் என்று பிரித்துச் சொல்லத்தான் பரிசோதனை. பிரிட்டன் அரசி இரண்டாம் எலிசபெத் 96 வயதில் இறந்தபோது அவர் இறப்புச் சான்றிதழில் காரணம் “முதுமை” என்றே எழுதினார்கள். மருத்துவர்கள் சூழ வாழ்ந்தவருக்குக் கடைசியாக எழுதிய சொல் அது. நாம் முதல் நாளே எழுதிவிடுகிறோம். பத்து வருஷம் அப்பாவின் காதைப் பார்க்காத அதே குடும்பம்தான் கடைசிப் பத்து நாளுக்கு நிலத்தை அடமானம் வைத்து வென்டிலேட்டருக்குக் கட்டுகிறது.

அரசின் திட்டமும் அதே மாதிரிதான் வகுக்கப்பட்டிருக்கிறது. எழுபது வயதைக் கடந்த எல்லாருக்கும், வருமானம் பார்க்காமல், ஆயுஷ்மான் பாரத் காப்பீடு 2024 அக்டோபரில் விரிவாக்கப்பட்டது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். நல்ல காரியம். ஆனால் அது மருத்துவமனைப் படுக்கையில் சேர்ந்தால்தான் செல்லும். விழுந்து இடுப்பு முறிந்தால் பணம் உண்டு. விழாமல் தடுத்திருக்கக்கூடிய மாத்திரைச் சீராய்வுக்கும் காது மெஷினுக்கும் இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள முதியவர்களுக்கு 2017 முதல் முகாம்களில் மெஷின் கொடுக்கிறார்கள். திரும்ப ஒருமுறை ஒலியைச் சரிசெய்து தர ஆளில்லாவிட்டால் அது கீச்சென்று கத்தும், பீரோவுக்குள் போய்விடும்.

இத்தனைக்கும் முதியோர் மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடி. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராஜன் முதியோருக்கென்று தனிப் புறநோயாளிப் பிரிவைத் தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்கு எம்.டி. படிப்பும் வந்தது. 2024 பிப்ரவரியில் கிண்டியில் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மருத்துவமனை திறந்தார்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. அப்படி வாசலுக்கு வரும் பெண் ஊழியர் “காது கேட்குதாம்மா? போன மாசம் எங்கேயாவது விழுந்தீங்களா?” என்று இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்க எவ்வளவு செலவாகும்? கேட்க வேண்டியவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள்: 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் 10.4 சதவீதம். 2031இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மக்கள்தொகைக் கணிப்பு.

உலக சுகாதார நிறுவனமே ஒருமுறை இந்தத் தவற்றைச் செய்தது. அதன் புதிய நோய்ப் பட்டியலில் “முதுமை” என்றே ஒரு தலைப்பைச் சேர்த்திருந்தார்கள். பல நாட்டு முதியோர் அமைப்புகளும் மருத்துவர்களும் சண்டை போட்டார்கள். 2022 ஜனவரியில் பட்டியல் நடைமுறைக்கு வரும்போது அந்தச் சொல் எடுக்கப்பட்டிருந்தது. சண்டை போட்டால் மாறும்.

நமக்குச் சண்டை போடப் புதுச் சட்டம்கூட வேண்டாம். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. பிள்ளை கவனிக்காவிட்டால் ஜீவனாம்சம் கேட்கலாம், கவனிப்பதாகச் சொல்லி எழுதி வாங்கிய சொத்தைத் திரும்பப் பெறலாம் என்று மட்டுமே அதைப் பற்றிச் செய்தித்தாளில் படிக்கிறோம். அதன் 20ஆம் பிரிவை யாரும் வாசிப்பதில்லை. அரசு மருத்துவமனைகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும், ஒவ்வொரு மாவட்ட மருத்துவமனையிலும் முதியோர் மருத்துவத்தில் அனுபவமுள்ள மருத்துவ அலுவலரின் கீழ் தனி வசதி வேண்டும் என்று அது சொல்கிறது.

ஆகவே வீட்டிலுள்ள மாத்திரை அத்தனையையும் ஒரு மஞ்சப்பையில் அள்ளிக்கொண்டு, அம்மாவையோ அப்பாவையோ அழைத்துக்கொண்டு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போங்கள். முதியோர் பிரிவு எந்தக் கிழமை, எந்த அறை என்று கேளுங்கள். டாக்டர் வயசு என்று சொன்னால், எந்தெந்தப் பரிசோதனை செய்த பிறகு அப்படிச் சொல்கிறார் என்பதை ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அப்படி ஒரு பிரிவே இல்லையென்றால், 20ஆம் பிரிவைக் குறிப்பிட்டு ஒரு மனு எழுதுங்கள். திங்கட்கிழமைதோறும் கலெக்டர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம் நடக்கிறது.