குற்றாலம் போகிற வழியில் இத்தனை இடங்களா? ராஜபாளையம் - ஸ்ரீவில்லிபுத்தூர் ரவுண்டு!

மதுரையிலிருந்து குற்றாலம் கிளம்பும் கார்களும் வேன்களும் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத்தான் போகின்றன. ஆண்டாள் கோயில் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு, அரை கிலோ பால்கோவா, ஒரு டீ. அவ்வளவுதான், வண்டி தெற்கே பறந்துவிடும். ரோட்டுக்கு மேற்கே கூடவே வரும் மலையைப் பலரும் கண்டுகொள்வதில்லை. அந்த மலைக்குள்ளும் அருவிகள் இருக்கின்றன.

அய்யனார் அருவி

ராஜபாளையத்திலிருந்து மேற்கே சுமார் 10 கி.மீ. தூரம். வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே தண்ணீர் நன்றாக விழும். பக்கத்திலேயே நீர் காத்த அய்யனார் கோயில். சாமியின் பெயரிலேயே சேதி இருக்கிறது. இந்த ஆற்றுத் தண்ணீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து, ராஜபாளையத்துக்குக் குடிநீராகப் போகிறது. இங்கே சோப்பு, ஷாம்பு போட்டுக் குளித்தால், அது கீழே யாரோ ஒருவர் வீட்டுக் குடத்துக்குத்தான் போகும்.

செண்பகத்தோப்பு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சுமார் 8 கி.மீ. மீன்வெட்டிப் பாறை அருவியும், காட்டுக்குள் காட்டழகர் கோயிலும் இந்தப் பக்கம்தான். இங்கே ஹீரோ, சாம்பல் நிற அணில். வாலோடு சேர்த்தால் இரண்டு அடிக்கு மேல் நீளம்! தரைக்கு அபூர்வமாகத்தான் இறங்கும். கிளைகள் ஒன்றோடொன்று உரசும் அளவுக்கு மரங்கள் நெருக்கமாக இருந்தால்தான் இதனால் வாழ முடியும். நடுவில் சில மரங்கள் போனாலும் அதற்குப் பாதை அறுந்துவிடும். இதைக் காப்பாற்றவே 1988-ல் சரணாலயம் வந்தது. 2021-ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகமானது.

பிளவக்கல்

வத்திராயிருப்பு பக்கம் மலையடிவாரத்தில் பெரியாறு, கோவிலாறு என இரண்டு அணைகள். முல்லைப் பெரியாற்றோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், இது வேறு. பின்னால் மலை, முன்னால் தென்னந்தோப்பும் வயலும். மாலை நேரத்தில் போனால் கிளம்ப மனசு வராது.

போவதற்கு முன்...

'இங்கே வெயில் அடிக்கிறது, ஏன் அனுமதி இல்லை?' என்று செக்போஸ்ட்டில் சிலர் வனத்துறையினரோடு மல்லுக்கு நிற்பார்கள். அடிவாரத்தில் ஒரு சொட்டு விழாத நாளிலும் மலைமேல் கொட்டித் தீர்த்திருக்கலாம். அந்தத் தண்ணீர் சில நிமிடங்களில் ஓடையை நிறைத்துவிடும். 2015 மே மாதம் இதே மலைத்தொடரில் உள்ள சதுரகிரியில், திடீர் வெள்ளத்தில் பக்தர்கள் உயிரிழந்தார்கள்.

குளிக்கும்போது தண்ணீர் திடீரெனக் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே குழந்தைகளோடு கரையேறி மேடான இடத்துக்குப் போய்விடுங்கள். செருப்பு, துண்டு போனால் போகட்டும்.

கிளம்பும் நாளில் அனுமதி உண்டா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். மதியத்துக்குள் முடித்துக்கொண்டு திரும்புவது நல்லது. சாப்பாட்டைப் பாத்திரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் வேண்டவே வேண்டாம். கேட் மூடியிருந்தால் பிளவக்கல் பக்கம் வண்டியைத் திருப்பலாம். அருவி எங்கேயும் போய்விடாது, அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்!