சுத்தியலைக் கொஞ்சம் கீழே வைப்போம்!



'இன்டர்ஃபெரன்ஸ் ஃபிட்' பற்றிப் பரீட்சையில் நாம் எல்லோருமே படம் போட்டு எழுதியவர்கள்தான். 25 மி.மீ. அளவில் எச்7 துளை அதிகபட்சம் 21 மைக்ரான் கூடலாம், பி6 ஷாஃப்ட்டோ குறைந்தது 22 மைக்ரான் கூடியிருக்கும், ஆகவே எப்போதும் இறுக்கம்தான் என்று நானும் எழுதினேன். நல்ல மார்க். அந்த லீவில் ஊருக்குப் போய் நான் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

கிணற்று மோட்டாரில் பேரிங் போய்விட்டது. "மெக்கானிக் எதுக்கு? எம்புள்ளதான் படிக்கிறானே" என்று அப்பா டவுனுக்குப் போய்ப் புது 6305 வாங்கி வந்தார். (கடைசி 05-ஐ ஐந்தால் பெருக்கினால் உள்விட்டம் 25 மி.மீ. இதுவும் எனக்குத் தெரியும்!) எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அக்கம்பக்கமே வேடிக்கை பார்த்தது. பேரிங் ஏற மறுத்தது. வெளி வளையத்தில் கட்டையை வைத்து ஓங்கி நாலு போடு போட்டேன். ஏறிவிட்டது. அந்த அடியெல்லாம் குண்டுகள் வழியாகப் போய் உள் வளையத்தில் பள்ளம் விழுந்தது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. பத்தே நாள். கரகரவென்று கத்தி மோட்டார் நின்றது. கத்தரிச் செடிகள் தலை தொங்கிவிட்டன. அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

தாத்தா மட்டும், "காய்ச்சிப் போட்டியாடா?" என்றார். சின்ன வயதில் கொல்லுப் பட்டறையில் துருத்தி ஊதியவர், கையெழுத்துப் போடத் தெரியாது. வண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டையை வேண்டுமென்றே ஒரு பிடி சின்னதாகத்தான் அடிப்பார்களாம். வறட்டி அடுக்கிச் சிவக்கக் காய்ச்சி, சக்கரத்தில் மாட்டித் தண்ணீர் ஊற்றினால், ஆரக்கால் எல்லாம் நெருக்கிக்கொண்டு உட்காருமாம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 4.8 மீட்டர். ஒரு டிகிரிக்கு, ஒரு மீட்டர் இரும்பு ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். 500 டிகிரி ஏறினால் ஓர் அங்குலத்துக்கு மேல்!

அதே கணக்குதான் பேரிங்குக்கும். 30 டிகிரியிலிருந்து 110-க்கு ஏற்றினால் 25 மி.மீ. துளை 24 மைக்ரான் விரியும். சுத்தமான எண்ணெயில், பாத்திரத்தின் அடியைத் தொடாமல் கம்பியில் தொங்கவிட்டுக் காய்ச்சினால் பெரும்பாலும் கையாலேயே ஏறிவிடும். (வெறுங்கையால் அல்ல, சாமி!) ஆறும்வரை ஷாஃப்ட்டின் தோளோடு அழுத்திப் பிடிக்க வேண்டும், இல்லையேல் இடைவெளி விழும். 120 டிகிரி தாண்டக்கூடாது. ரப்பர் சீல் வைத்ததை எண்ணெயில் போடவே கூடாது, உள்ளே இருக்கும் கிரீஸ் போய்விடும். அடித்தே ஆகவேண்டும் என்றால் உள் வளையத்தில் மட்டும் உட்காரும் குழாயை வைத்து அடியுங்கள்.

இரண்டாவது பேரிங்கை இப்படித்தான் போட்டேன். காசு, தாத்தாவின் முதியோர் பென்ஷன்.

என் ஆதங்கம் இதுதான். ஃபிட்டிங் செக்‌ஷனில் சதுரத்தை ராவி ராவி ஒரு வருஷம் ஓட்டுகிறோம். ஒரு பேரிங்கைக்கூட யாரும் காய்ச்சிப் போட்டதில்லை. ஏறாததை அடித்து ஏற்றுபவனைத்தான் 'கைக்காரன்' என்கிறோம். அவன் அடிப்பதற்கு முன் மைக்ரோமீட்டரை எடுத்தானா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு ஹாட் பிளேட், ஒரு தெர்மாமீட்டர், நாலு பழைய பேரிங். பெரிய செலவில்லை. அடுத்த ஆண்டு யூனியன் நிர்வாகிகள் கோரிக்கைப் பட்டியலில் கேன்டீன் டீக்கு அடுத்தபடியாவது இதைச் சேர்க்க வேண்டும்.